பெரிய ஹாலிபட்டைக் கடலிலேயே விடுங்கள்: அலாஸ்காவுக்குத் தூண்டில் போடக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தக் கோடையில் அலாஸ்கா கடலில் ஹாலிபட் என்னும் தட்டை மீனும் சால்மனும் பிடிக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஹோமர், சீவர்ட், சிட்கா, கெச்சிக்கன் என்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் மாலையில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சார்ட்டர் படகுகள், அதாவது காசு வாங்கிக்கொண்டு மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் வாடகைப் படகுகள், திரும்பியதும் அன்றைய மீன்களை மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இரத்தத்தைக் கழுவி, வெள்ளை வயிறு கேமரா பக்கம் வரும்படி திருப்புவார்கள். நடுவில் ஆளைவிட உயரமாக ஒன்று தொங்கினால் அந்தப் படகுக்கு அன்று ராஜமரியாதைதான். அந்த நடு மீனைக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

கேப்டன்களிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், படகில் ஏறுகிறவர் எதற்கு ஆசைப்படுகிறாரோ கேப்டன் அதைத் தேடித்தான் படகை ஓட்டுவார். பெரிய மீனோடு எடுத்த படம்தான் அடுத்த ஆண்டு ஆட்களைக் கூட்டிவரும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவது நாம்தானே.

ஹாலிபட் ஒரு விசித்திரப் பிறவி. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு. ஓர் அங்குல நீளம் வரும்போது இடது கண் மெல்ல நகர்ந்து வலப்பக்கம் வந்து சேர்ந்துவிடும். அப்புறம் ஆயுசு முழுக்கப் பக்கவாட்டில் படுத்தபடி கடல்தரையில்தான் வாழ்க்கை. ஆண் மீன் அவ்வளவு பெரிதாக வளராது. 100 பவுண்டைத் தாண்டியது என்றால் ஏறக்குறைய நிச்சயமாகப் பெண்தான். அந்தப் பெண் முட்டையிடும் பருவத்துக்கு வரவே சராசரியாக 12 ஆண்டு ஆகிறது. 50 பவுண்டு மீன் சுமார் 5 லட்சம் முட்டை இடும். 250 பவுண்டைத் தாண்டியது 40 லட்சம் வரை இடும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1980-களில் இருந்ததைவிட இன்று அதே வயது ஹாலிபட் கணிசமாகச் சிறுத்துப்போயிருக்கிறது. ஒரு ராட்சதம் உருவாக முன்பைவிட அதிக காலம் பிடிக்கிறது என்று அர்த்தம்.

சரி, கடலில் விழும் முட்டையெல்லாம் இந்த ராட்சதங்கள் இட்டதுதானா? இல்லை. எண்ணிக்கையில் நடுத்தரப் பெண் மீன்கள்தான் ஏராளம். மொத்த முட்டையில் பெரும்பங்கும் அவற்றுடையதுதான். நாலு கிழவிகளை விட்டுவிட்டால் கடல் நிரம்பிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பல பத்தாண்டு வளர்ந்த ஒரு மீனைக் கொன்று நமக்குக் கிடைப்பது என்ன என்றுதான் கேட்கிறேன். சாப்பாட்டுக்கு 20, 30 பவுண்டு மீன்தான் அருமை. பெரிதாகப் பெரிதாகச் சதை முரடாகிவிடும். பாதரசமும் பெரிய மீனில்தான் கூடுதல். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பெரிய ஹாலிபட்டை அளவோடு சாப்பிட வேண்டும் என்பது அலாஸ்கா மாநிலச் சுகாதாரத் துறையின் அறிவுரை. மிச்சம் என்ன, ஒரு படம்.

சட்டம் இதைத் தடுக்காது. 1923-இல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து அமைத்த ஹாலிபட் ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் பிடிப்பளவை நிர்ணயிக்கிறது. சார்ட்டர் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தென்கிழக்கு அலாஸ்காவில் 2023-இல் இருந்த விதியைப் பாருங்கள்: சார்ட்டர் படகில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மீன். அது 40 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 80 அங்குலமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நடுவில் உள்ளதை விட்டுவிட வேண்டும். நடுத்தர மீனைக் காப்பாற்றுகிற நல்ல ஏற்பாடுதான். ஆனால் 80 அங்குல ஹாலிபட் 200 பவுண்டைத் தாண்டும். ‘மாட்டினால் மாட்டட்டும்’ என்று படகில் எல்லோரும் காத்திருப்பது அதற்காகத்தான்.

இதைச் சொன்னால் கேப்டன்கள் பெரிங் கடலைக் காட்டுவார்கள். அங்கே வேறு மீனுக்கு வலை இழுக்கும் இழுவைக் கப்பல்களில் ஹாலிபட் சிக்கிச் சாகிறது, அதைப் போய்க் கேள் என்பார்கள். நியாயமான கோபம். அந்தக் கப்பல்களுக்கான வரம்பை ஹாலிபட்டின் இருப்புக்கு ஏற்ப ஏற்றி இறக்க வேண்டும் என்று அமெரிக்காவின் வட பசிபிக் மீன்வள மேலாண்மைக் குழு 2021 டிசம்பரில் முடிவெடுத்தது. 2024-இல் நடைமுறைக்கும் வந்தது. அந்த விஷயத்தில் நானும் கேப்டன்கள் பக்கம்தான். அதற்காக நம் முள்ளில் மாட்டியதற்கு இழுவைக் கப்பல்காரர்களைக் கணக்குச் சொல்லச் சொல்ல முடியுமா?

இனி காரியத்துக்கு வருவோம். விடுவதா வேண்டாமா என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஆழத்தில் ஒரு கதவை இழுப்பது போலத் தூண்டில் கனக்கும்போது யாருக்கும் நிதானம் இருக்காது. பெரிய ஹாலிபட்டை அப்படியே தளத்தில் ஏற்ற முடியாது. அது துள்ளினால் கால் எலும்பு தாங்காது. அதனால் தண்ணீரிலேயே ஈட்டியால் குத்துவார்கள், அல்லது துப்பாக்கியால் சுடுவார்கள். குத்திய பிறகு விடுவதற்கு ஒன்றுமில்லை. வட்டமாக வளைந்த தூண்டில் முள் போடச் சொல்லுங்கள். அது வயிற்றுக்குள் போகாமல் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். மீனைப் படகின் ஓரமாகவே வைத்து அளந்து, தண்ணீரிலேயே படம் எடுத்துக்கொண்டு, முள்ளுக்குப் பக்கத்தில் தூண்டில் நரம்பை வெட்டிவிட்டால் போதும். ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆழத்திலிருந்து மேலே வந்தாலும் வயிறு ஊதாது, நேராகக் கடல்தரைக்குப் போய்விடும்.

பாறைப் பகுதிகளில் வாழும் ராக்ஃபிஷ் என்ற மீன் அப்படியல்ல. அதற்குக் காற்றுப்பை உண்டு. மேலே வந்ததும் ஊதிப்போய்த் தானாக இறங்க முடியாமல் மிதக்கும். அதைப் பிடித்து ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி 2020 முதல் அலாஸ்கா கடலில் பொழுதுபோக்குக்கு மீன்பிடிக்கும் ஒவ்வொரு படகிலும் கட்டாயம். மஞ்சள்கண் ராக்ஃபிஷ் 100 வயதைத் தாண்டி வாழக்கூடியது. கருவி எங்கே என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

சால்மனில் கவலை எல்லாவற்றிலும் பெரிய வகையான கிங் சால்மனைப் பற்றித்தான். கீனாய் ஆற்றில் 1985-இல் 97 பவுண்டுக்கு மேல் ஒன்று கிடைத்தது. தூண்டிலில் பிடித்த கிங்கில் அதுதான் உலக சாதனை. அதே ஆற்றில் சமீப ஆண்டுகளில் கிங் பிடிக்கவே தடை போட்டிருக்கிறார்கள். யூக்கான் ஆற்றில் ஏழு ஆண்டுகளுக்குக் கிங் பிடிப்பை நிறுத்த அலாஸ்காவும் கனடாவும் 2024-இல் ஒப்புக்கொண்டன. தென்கிழக்கில் 28 அங்குலத்துக்குக் குறைந்த கிங்கை விட்டாக வேண்டும். அந்தக் குட்டிகளை வலையில் அள்ளினால் செதில் உதிர்ந்துவிடும். தூக்கவே வேண்டாம், தண்ணீர் மட்டத்திலேயே குறடால் முள்ளைத் திருப்பிக் கழற்றுங்கள். ஆகஸ்டில் கோஹோ என்ற சால்மன் வகை வரும்போது அனுமதித்த அளவுக்குத் தாராளமாகப் பிடியுங்கள். செவுளை வெட்டி உடனே இரத்தத்தை வடித்து ஐஸில் போடுங்கள். அதன் ருசிக்கு ஈடில்லை.

முன்பதிவுக்குப் போன் போடும்போதே கேட்டுவிடுங்கள்: “பெரிய ஹாலிபட் வந்தால் ஈட்டி போடாமல் அளந்து விட்டுவிடுவீர்களா?” பல கேப்டன்கள் சந்தோஷமாகச் சரி என்பார்கள். இழுத்தடித்தால் அடுத்த படகைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு தூண்டில்காரன்