பணம் கணக்கில் ஏறிய பிறகே விளக்கு புறப்படும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டர்பனில் விளக்கும் பூஜைப் பொருளும் விற்கும் எங்கள் கடையில் ஈஸ்டருக்குப் பிறகு இணையத்தில் வாங்கிய சிலருக்கு மனவருத்தம் இருக்கிறது. பணம் கட்டி ரசீதும் அனுப்பியாயிற்று, பொருள் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்கிறீர்கள். "இருபது வருஷமா உங்ககிட்ட வாங்குறேன், என்னையே சந்தேகப்படுறியாப்பா?" என்று ஒரு ஆயா போனில் கேட்டார். அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பணம் கணக்கில் ஏறிய பிறகே பொருளை அனுப்புவோம் என்று ஆங்கிலத்தில் நான்கு வரி வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். தமிழிலும் எழுதுங்கள் என்று கேட்டவர்களுக்காக இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய வியாழன், மாலை நாலரை மணி. கடையில் கூட்டம் நெரிகிறது. ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். "வணக்கம் அக்கா" என்றுதான் ஆரம்பித்தார். நம் பக்கத்துப் பெயர். கோயில் விழாவுக்கு நாலடிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி வேண்டும், மேலே அன்னம் வைத்தது, இன்றே வேண்டும். விலை 7,400 ராண்ட். பத்து நிமிஷத்தில் வங்கி ரசீது வந்தது. எங்கள் கணக்கு எண் சரி, தொகை சரி, வங்கியின் சின்னமும் சரி. வாசலில் வாடகைக் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. பையன் விளக்கைத் துணியில் சுற்றி ஏற்றிவிட்டான்.

வெள்ளி விடுமுறை, சனி, ஞாயிறு, திங்களும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை கணக்கைப் பார்த்தோம். ஒரு சென்ட் கூட வரவில்லை. எண்ணை அழைத்தால் அணைத்து வைத்திருக்கிறது. அப்புறம்தான் அந்த ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 7,400 என்ற எண்ணில் அந்த 7 மட்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தது. வேறொருவரின் பழைய ரசீதில் தொகையை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது யோசித்தால் இன்னொன்றும் உறைக்கிறது. அவர் பேரமே பேசவில்லை. பித்தளை என்ன எடை, ஐந்து முகமா, எண்ணெய் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு கேள்வி இல்லை. சாட்ஸ்வொர்த்தில் நாலடி விளக்கை விலை குறைத்துக் கேட்காமல் வாங்கியவர் எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அதுவே எங்களை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும்.

அப்பா காலத்தில் இதற்கெல்லாம் ஒரே கேள்விதான்: "யார் வீட்டுப் பிள்ளை?" 1960-களில் டர்பன் நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து இங்கே குடியேற்றப்பட்டவர்களில் பாதிப் பேரை அவருக்கு முகம் பார்த்தே தெரியும். கடன் நோட்டில் பெயர்கூட இருக்காது, "மூணாம் வீட்டு அக்கா, 12 ராண்ட்" என்றுதான் இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடையை மூடியபோது நாங்கள் இணையத்துக்குப் போனோம். அந்தக் கேள்வியையும் கூடவே எடுத்துக்கொண்டு போனதுதான் தவறு. திரையில் தெரிவது பெயர் மட்டும். பெயரைப் பார்த்து 'நம்மவர்' என்று தலையாட்டினோம்.

வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். போன வருஷம் உம்லாசியிலிருந்து ஒரு அம்மா காமாட்சி விளக்கும் சந்தனமும் கேட்டு எழுதினார். சூலு இனப் பெயர். இவருக்கு எதற்கு இது என்று மூன்று நாள் ஆர்டரை நிறுத்திவைத்தோம், இரண்டு முறை அழைத்துக் கேள்வி கேட்டோம். மருத்துவமனையில் தன்னோடு வேலை செய்து ஓய்வுபெறும் தோழிக்கு அவர் வாங்கிய பரிசு அது. பணம் முதல் நாளே வந்துவிட்டிருந்தது! விழா முடிந்த பிறகே பொருள் போய்ச் சேர்ந்தது. ஆக, ஏமாற்றியவரைப் பெயருக்காக நம்பினோம், நல்லவரைப் பெயருக்காகச் சந்தேகப்பட்டோம். அதனால் இனி பெயரையும் பார்ப்பதில்லை, ஊரையும் பார்ப்பதில்லை, எத்தனை வருஷப் பழக்கம் என்றும் பார்ப்பதில்லை. பணம் வந்ததா என்பதை மட்டும் பார்க்கிறோம். ஆயா, உங்களுக்கும் இதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வங்கி ரசீது என்பது பணம் அல்ல. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சாதாரணமாக அனுப்பும் பணம் வந்து சேர ஒன்றிரண்டு வேலை நாள் ஆகும், விடுமுறை குறுக்கிட்டால் இன்னும் தள்ளிப்போகும். ஏமாற்றுபவர்களுக்கு இந்த இடைவெளிதான் வசதி. நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையாகப் பார்த்து வருவதும் அதனால்தான். அவசரமாக வேண்டுமென்றால் 2023-இல் வந்த பேஷாப் வழியாக அனுப்புங்கள். வங்கி வேறானாலும் கைபேசி எண்ணை வைத்தே உடனுக்குடன் பணம் வந்துவிடும், நாங்களும் உடனே பொருளைக் கட்டி அனுப்பிவிடுவோம்.

கார்டு கொஞ்சம் வேறு கதை. இணையத்தில் கார்டு போட்டால் வங்கி உங்கள் போனுக்கு ஒப்புதல் கேட்டு அனுப்புகிறதே, அந்த முறை தென்னாப்பிரிக்காவில் 2014 முதல் கட்டாயம். அந்த ஒப்புதல் கிடைத்த ஆர்டர்களில் எங்களுக்குப் பெரிய பயமில்லை. திருட்டுக் கார்டு என்று பின்னால் தெரிந்தாலும் நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கியோடு போகும். ஆனால் "பொருள் வந்து சேரவில்லை" என்று ஒருவர் முறையிட்டால், வாங்கியவரின் கையெழுத்தை நாங்கள் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் பணம் எங்கள் கணக்கிலிருந்து திரும்பிப் போய்விடும். கூரியர்காரர் வீட்டு வாசலில் கையெழுத்துக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் போட்டுவிடுங்கள். லண்டனில் இருக்கும் பேரன் இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கும் பாட்டிக்காகக் கட்டுகிறார் என்றால், ஆர்டர் குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும். முகவரியும் கார்டும் வேறு வேறு நாடாக இருப்பதால் மட்டும் இனி நிறுத்திவைக்க மாட்டோம்.

பணம் வந்ததா என்பதைத் தவிர நாங்கள் பார்ப்பது இன்னும் ஒன்றுதான்: முதல்முறை வாங்குபவர் 2,500 ராண்டுக்கு மேல் எடுத்தால் ஒரு முறை அழைத்துப் பேசுவோம். யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும். நடுவில் கொஞ்ச நாள் அடையாள அட்டை நகல் கேட்டோம். வெருலத்திலிருந்து ஒருவர், "அதை எங்கே வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அதனால் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டோம், வந்த நகல்களையும் அழித்தாயிற்று. உங்கள் கார்டு எண்ணையோ, போனுக்கு வரும் ரகசிய எண்ணையோ எங்கள் கடையிலிருந்து யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் அது நாங்கள் இல்லை.

இன்னொரு புது வித்தையும் வருகிறது. "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இந்தக் கணக்குக்குப் போடுங்கள்" என்பார்கள். அந்த முதல் பணமே வந்திருக்காது. ஆகையால் பணத்தைத் திருப்புவது எப்போதும் வந்த வழியே, வந்த கார்டுக்கோ கணக்குக்கோதான். உண்மையிலேயே யாருக்காவது கூடுதலாக வந்துவிட்டாலும் இதே விதிதான்.

பொருளைத் திருப்பும் உரிமையில் எந்த மாற்றமும் இல்லை. இணையத்தில் வாங்கியதைக் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று 2002-ஆம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டம் சொல்கிறது. திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மட்டும் உங்களுடையது. பெயர் பொறித்துக் கொடுத்த சொம்பு, தட்டுகளுக்கு இது பொருந்தாது.

புரட்டாசி வருகிறது. கூட்டத்தில் ஆர்டர்கள் தாமதமாகாமல் இருக்க, பணத்தை ஒரு வாரம் முன்னதாக அனுப்பினால் எங்களுக்கும் நிம்மதி.

கடைசியாக ஒரு உதவி. அந்த ஜோடி விளக்கில் ஒரு அன்னத்தின் அலகு நுனி லேசாக உடைந்திருக்கும். கப்பலில் வரும்போதே அப்படி, அதற்காகத்தான் 200 ராண்ட் குறைத்துப் போட்டிருந்தோம். சந்தையிலோ யார் வீட்டிலோ கண்ணில் பட்டால் வாங்கியவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், பாவம், அவரும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். எங்களுக்கு மட்டும் ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து
சாட்ஸ்வொர்த், டர்பன்