பிள்ளைகள் கதை சொல்ல எட்டுப் பக்கம் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறார் எழுத்தாளர்கள் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வந்து, "உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள்" என்று மாணவர்களிடம் பேசுவது இப்போது அடிக்கடி செய்தியாகிறது. மகிழ்ச்சி. அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, குழந்தைகளுக்கு எழுதும் பெரியவர்களை ஒன்றுசேர்ப்பதே வேலையாக இருந்தது. இன்று பிள்ளைகள் எழுதவே இடம் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் மாணவர் படைப்புகள் வருகின்றன.

எழுத்தாளர் பேசிவிட்டுப் போன மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. "எல்லாரும் ஒரு கதை எழுதிட்டு வாங்க" என்று அது வீட்டுப்பாடமாகிவிடுகிறது. வந்து சேர்வது ஒரு ஊரில் ஒரு ராஜா, காட்டில் ஒரு சிங்கம், கடைசி வரியில் நீதி. பிள்ளைகளுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாயில் இருக்கும் கதை கைக்கு வருவதற்குள் பாதி தொலைந்துவிடும். எழுத்துக்கூட்டுவதிலேயே கவனமெல்லாம் போய், எழுதி முடிக்கக்கூடிய சின்ன வாக்கியங்களை மட்டுமே அது தேர்ந்தெடுக்கிறது.

எனவே முதலில் வாய், பிறகு பேனா. ஒரு குழுவுக்கு 12 முதல் 15 பிள்ளைகள்; அதற்கு மேல் போனால் சத்தமாகப் பேசும் நான்கு பேரின் கதையே அன்றைய கதை. தரையில் வட்டமாக உட்காரவைத்து, மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், அதில் முதல் அரை மணி பேச்சுக்கே. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். அல்லது சொல்லச்சொல்ல ஆசிரியரோ மேல்வகுப்பு மாணவரோ எழுதலாம். எழுதுபவர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தக் கூடாது. சொன்னதை வாசித்துக் காட்டினால், "இல்ல மிஸ், அது அப்படி இல்ல" என்று பிள்ளையே திருத்தும். கதை உருவாவது அந்தத் திருத்தத்தில்தான்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்ட நொடியில் கதை செத்துவிடும். "அப்புறம்?", "அப்ப யார் யார் இருந்தாங்க?", "அந்த இடத்தில் என்ன வாசனை?" இவை போதும். பொதுவான தலைப்புகள் உதவாது. "மழை நாள்" என்று கொடுத்தால் கட்டுரை வரும். "உன் வீட்டில் மழை எந்த இடத்தில் முதலில் ஒழுகும்?" என்று கேட்டுப் பாருங்கள். தொலைக்காட்சிக் கார்ட்டூன் நாயகனையே கதையில் கொண்டுவரும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அவன் உங்கள் தெருவுக்கு வந்தால் யார் வீட்டில் சாப்பிடுவான் என்று கேட்டால் மெல்லக் கதை ஊருக்கு வந்துவிடும்.

ஒன்றுமே தோன்றவில்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜியான்னி ரோடாரி சொன்ன வழி ஒன்று உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு சொற்களைச் சேர்ப்பது. பூனையும் பாலும் என்றால் நடக்காது. அவை ஏற்கெனவே கூட்டாளிகள். ஆமை, ஃபேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆமையின் ஃபேன், ஆமைக்கு ஃபேன், ஃபேன் மேல் ஆமை, ஃபேனோடு ஆமை. ஒவ்வொன்றும் வேறு கதை. நம் வேற்றுமை உருபுகள் இந்த விளையாட்டுக்கென்றே செய்யப்பட்டவை போலிருக்கின்றன. இலக்கண வகுப்பில் எட்டு வேற்றுமையும் ஏறாத பிள்ளை இதில் பிடித்துக்கொள்ளும்.

பிழைதிருத்தத்தில்தான் அதிகக் கதைகள் அழிகின்றன. "கம்மாக்கரையில ஆட்டுக்குட்டி காணாமப் போச்சு" என்று பிள்ளை சொன்னதை, "ஏரிக்கரையில் ஆட்டுக்குட்டி தொலைந்துவிட்டது" என்று மாற்றினால் கரையும் போச்சு, குட்டியும் போச்சு. கரிசல் வழக்குக்கு அகராதி போட்ட கி. ராஜநாராயணன் எங்கள் பக்கத்து இடைசெவல்காரர். அவரைப் பாடமாக நடத்திவிட்டு, மாணவரின் பேச்சுவழக்கைச் சிவப்பு மையால் அடிப்பது என்ன நியாயம்? ர, ற, ல, ள, ழ பிழைகளைத் திருத்தத்தான் வேண்டும். அது இரண்டாம் சுற்றில், கதை முடிந்தபிறகு, பென்சிலால். பாத்திரங்களின் பேச்சில் கை வைக்க வேண்டாம். பேச்சுவழக்கில் கதை சொல்லிப் பழகினால் தேர்வில் எழுத்துத்தமிழ் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எங்கே எதை எழுதுவது என்பது பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிட நன்றாகவே தெரியும்.

பிறகு புத்தகம். ஒரே ஒரு ஏ4 ஜெராக்ஸ் தாள் போதும். சார்ட் அட்டை மடியாது. தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரிக்க வேண்டும். குறுக்குவாக்கில் பாதியாக மடித்து, அதையே அதே வாக்கில் மறுபடி பாதியாக்கிப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10.5 செ.மீ. உயரம், 7.4 செ.மீ. அகலம். மீண்டும் குறுக்குவாக்கில் ஒரே ஒரு மடிப்பு மடித்து, மடிப்பு விழுந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்ட வேண்டும். பிரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்குப் பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் பிளவு வாய் திறக்கும். பக்கங்கள் சேர்ந்து எட்டுப் பக்கப் புத்தகமாகும். பசை, ஊசி எதுவும் வேண்டாம். தப்பு நடப்பது வெட்டும்போதுதான். மடிப்பில்லாத திறந்த பக்கத்திலிருந்து வெட்டிவிட்டால் தாள் வீண். சின்ன வகுப்புகளில் வெட்டை மட்டும் ஆசிரியரே வெட்டுவது நல்லது.

எழுதும் முன் புத்தகமாக மடித்து, 1 முதல் 8 வரை பென்சிலால் எண் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பக்கங்கள் தலைகீழாக வரும். பிரித்துப் பார்க்கும்போது ஒரு வரிசை தலைகீழாகத் தெரிவது சரியானதுதான். அட்டை, பின்னட்டை போகக் கதைக்கு ஆறு பக்கம். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி, ஒரு படம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் முடித்துவிடும் அளவு இது, அதனால்தான் இந்த வடிவத்தைச் சொல்கிறோம். 40 பக்க நோட்டைக் கொடுத்தால் நான்காம் பக்கத்தில் கதை நின்றுவிடும்.

எட்டுப் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் இருப்பதால், விரித்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தால் ஒரு பிரதி தயார். வகுப்பில் எல்லாருக்கும் ஒன்று கொடுக்கலாம். அதற்குக் கறுப்புப் பேனாவால் எழுத வேண்டும்; பென்சில் மங்கும், கறுப்பு வெள்ளைப் பிரதியில் மஞ்சள் நிறம் காணாமல் போகும். ஓரத்தில் ஒரு செ.மீ. இடம் விடாவிட்டால் இயந்திரம் எழுத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். சொந்தக் கதை சொல் என்று கேட்டால், சில பிள்ளைகள் உண்மையிலேயே சொந்தக் கதையைச் சொல்லிவிடும். குடித்துவிட்டு வரும் அப்பா, அடி, பட்டினி. அந்தக் கதையை வகுப்பில் வாசிக்கக் கூடாது. நூலகத்திலும் இதழிலும் வைக்கக் கூடாது. மகிழ்ச்சியான முடிவு எழுதச் சொல்லித் திருத்தவும் கூடாது. தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பட்டறை நடத்த வருபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் வரக் கூடாது.

பரிசுப் போட்டிகளைப் பற்றி ஒரு வரி: முதல் பரிசு பெற்ற கதை எதுவோ, அடுத்த ஆண்டு எல்லாக் கதைகளும் அதுவாகிவிடும்.

நூலகத் துறைக்கு ஒரு கோரிக்கை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகங்களின் சிறுவர் பகுதியில் இந்தக் குட்டிப் புத்தகங்களுக்கு இடம் கொடுங்கள். அலமாரியில் செருகினால் பெரிய புத்தகங்களுக்கு இடையே மறைந்துவிடும். கொடி கட்டி கிளிப் போட்டுப் பிள்ளைகளின் கண்மட்டத்தில் தொங்கவிடலாம். பதிவேட்டில் எண் கொடுத்து மற்றப் புத்தகங்களைப் போலவே இரவலும் கொடுக்க வேண்டும். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று புத்தகங்களைத் தரம் பிரித்துக் கொடுத்தது. "நுழை" நிலையில் இருக்கும் பிள்ளை, பக்கத்து பெஞ்சுக்காரி எழுதியதை எழுத்துக்கூட்டியாவது படித்துவிடும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒன்று. சிறுவர் பக்கத்தில் வரும் கதைகளை அவர்கள் மொழியிலேயே வெளியிடுங்கள். அலுவலகத்தில் மெருகேற்ற வேண்டாம். குறைந்தது இத்தனை சொற்கள் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, விரித்த தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, ஊர் போதும். புகைப்படமும் முகவரியும் வேண்டாம்.

இப்படிக்கு,
சிறார் கதைப் பட்டறை நடத்தும் ஆசிரியர்கள் சிலர்,
தூத்துக்குடி மாவட்டம்.