கடைமடையிலிருந்து ஒரு கடிதம்

திருத்துறைப்பூண்டி வட்டம்,
ஆவணி 4.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. தொலைபேசியில் அழைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. எதிர்முனையில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்ற நினைப்பே என் நாவுக்கு வந்த சொல்லை விரட்டிவிடும். தாளுக்கு அந்த அவசரம் கிடையாது. இதை நான் மூன்று காலைகளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தின் சாய்வு மாறும் இடங்களைக் கண்டால், அங்கே ஒரு நாள் முடிந்தது என்று வைத்துக்கொள்.

உன் தங்கை மகன் விபத்தில் தலையில் அடிபட்டு இருபத்திரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியிருக்கிறான் என்றும், "எப்போது பழையபடி ஆவான்?" என்று தங்கை உன்னைத் தினமும் கேட்பதாகவும் எழுதியிருக்கிறாய். நான் மருத்துவன் அல்லன். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து, நகைக்கடன் பதிவேட்டையும் பயிர்க்கடன் பட்டியலையும் பார்த்தே கண்ணாடி தடித்தவன். ஆனால் அந்தக் கேள்வியோடு நான்கு ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன்.

எனக்கு நேர்ந்தது உனக்குத் தெரியும், ஆனால் முழுதும் தெரியாது. 2021 பங்குனியில், அறுத்த உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரத்தில் அடிபட்டு உளுந்து உதிர வேண்டும் என்பது நம் பக்கத்துக் கணக்கு. முந்தைய ஆண்டுகளில் அதே சாலையில் நானும் பரப்பியவன்தான், எனவே யாரையும் நோக வாயில்லை. காய்ந்த கொடியில் என் இருசக்கர வண்டி வழுக்கியது. தலைக்கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காய ஆபத்து ஏறத்தாழ 69 விழுக்காடு குறைகிறது என்று பின்னாளில் படித்தேன். என்னுடையது அன்று வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெரு வரைதானே என்று நினைத்திருந்தேன்.

உன் மருமகனின் அறிக்கையில் 7 என்று ஒரு மதிப்பெண் இருப்பதாகவும் அதைக் கண்டு தங்கை அழுததாகவும் எழுதியிருந்தாய். அது கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் இருவர் 1974-இல் வகுத்த அளவுகோல். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடுவார்கள். 8-உம் அதற்குக் கீழும் கடும் காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம். நான் 9 வாங்கினேன். (எதுவுமே செய்யாதவனுக்கும் 3 உண்டு, இவ்வளவு தாராளமாக எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒருநாளும் போட்டதில்லை.) ஆனால் அது முதல் நாளின் எண், தொடக்க இருப்பை மட்டும் பார்த்து ஆண்டுக் கணக்கை யாரும் முடிக்க மாட்டார்கள். அதைவிட முக்கியமாக மருத்துவர்கள் என் வீட்டில் கேட்டது, அடிபட்ட நேரத்திலிருந்து இன்று நடந்தது நாளை நினைவிருக்கும் நிலை திரும்ப எத்தனை நாளாயிற்று என்பதுதான். அந்த இருட்டு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு ஆழம் காயம் என்று சொன்னார்கள். எனக்குப் பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் கண் விழித்து, பேசி, சாப்பிட்டு, "லெட்ஜரைப் பூட்டினாயா?" என்று செவிலியரையும் அதட்டியிருக்கிறேன்; ஒன்றும் என்னிடம் இல்லை. தம்பிக்கு, அதாவது உன் மருமகனுக்கு, எத்தனை நாளாயிற்று என்று தங்கையிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல். அடுத்த முறை மருத்துவர் கேட்பார்.

மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருப்பதை எண்ணி வீட்டார் நடுங்குவதாக எழுதியிருக்கிறாய். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிபட்ட மூளை வீங்கும், அதைச் சுற்றியுள்ள எலும்போ ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காது. வெள்ளக் காலத்தில் ஊர்ப்பக்கக் கரை உடைவதற்கு முன் நாமே ஓரிடத்தில் வெட்டி வடியவிடுவதைப் போன்ற வேலை அது. வீக்கம் தணிந்தபின், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ, அதே எலும்பைத் திரும்பப் பொருத்துவார்கள். சில மருத்துவமனைகள் அதை உறைகுளிரில் வைத்திருக்கும், சில இடங்களில் நோயாளியின் வயிற்றிலேயே வைப்பார்கள். அதுவரை அந்தப் பக்கம் படுக்கவோ அடிபடவோ விடக் கூடாது.

விபத்துக்கு ஆளானவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. எனக்குச் சில மாதங்கள் பிந்திவிட்டது, தம்பிக்குப் பயன்பட்டது நல்லது. ஆனால் நாற்பத்தொன்பதாம் மணிக்குப் பிறகு உள்ளதெல்லாம் குடும்பத்தின் கணக்கு. அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நடந்தேன், உண்டேன், வந்தவர்களை அடையாளம் கண்டேன். "பிழைத்து எழுந்துவிட்டார், இனி என்ன குறை" என்று சொல்லிப் போனார்கள். குறை வெளியே தெரியவில்லை என்பதுதான் இந்தக் காயத்தின் வஞ்சகம். கால் ஒடிந்தவனை யாரும் ஓடச் சொல்வதில்லை. என்னைப் பார்த்தவர்களோ கல்யாணப் பந்தலில் உட்காரச் சொன்னார்கள். மேளமும் ஒலிபெருக்கியும் பாத்திரச் சத்தமும் நாற்பது பேச்சும் ஒன்றாகத் தலைக்குள் இறங்க, எதை விடுவது எதைக் கேட்பது என்று பிரிக்கத் தெரியாமல் கொல்லைப்புறம் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். உன் மூத்தவள் திருமணத்துக்கு நான் வராததன் காரணமும் இதுதான். அப்போது காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். பொய், மன்னித்துவிடு.

களைப்பை எப்படி விளக்குவது என்று வெகுநாள் திண்டாடினேன். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை, ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே உண்கிறது. காயம் பட்ட மூளை, முன்பு தானாக நடந்த வேலையையும் முயன்று செய்ய வேண்டியிருப்பதால் விரைவில் தீர்ந்துபோகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் வேறு. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் நம் வாய்க்காலில் நீர் தலைகாட்ட எத்தனை நாளாகிறது? கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் பிரிந்து, மேல்மடைக்காரர்கள் எடுத்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு. என் காலை வேளை தலைமடை. நீ இப்போது படிக்கும் வரிகள் அங்கே விளைந்தவை. மாலை நான்கு மணிக்கு மேல் கடைமடை: பேரன் பெயர் வராது, "சாவி" என்பதற்குப் பதில் "சீப்பு" என்பேன். தம்பியிடம் எதையாவது கேட்க வேண்டுமானால், முடிவு எடுக்க வைக்க வேண்டுமானால், காலையில் கேட்கச் சொல். பகலில் ஒரு மணி நேரம் இருட்டறையில் படுப்பதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது கோபம். இதை எழுதக் கை கூசுகிறது. முப்பது ஆண்டு சங்கத்தில் கடன்காரர்களிடம் குரல் உயர்த்தாதவன், சாம்பாரில் உப்பு கூடியதற்குத் தட்டை எறிந்தேன். குடத்தைத் தூக்கி ஓடுகிறவள் சட்டென நின்றால் உள்ளே தண்ணீர் விளிம்பில் மோதுவதைப் பார்த்திருப்பாய். விழுந்த தலை தரையில் நிற்க, மூளை அப்படித்தான் மோதுகிறது. நெற்றிக்குப் பின்னும் காதுக்கு அருகிலும் எலும்பின் உட்புறம் கரடுமுரடாக இருப்பதால் அந்தப் பகுதிகளே அதிகம் நசுங்குகின்றன, சினத்தை அடக்குவதும் யோசித்துப் பேசுவதும் அந்த நெற்றிப் பகுதியின் வேலை. மதகு பழுதானால் வாய்க்காலைத் திட்டிப் பயனில்லை. இதைச் சாக்காக வைத்து நான் தப்பிக்க விரும்பவில்லை. எறிந்த தட்டை எறிந்தவன்தான் எடுக்க வேண்டும், நான் எடுத்தேன். ஆனால் தம்பி கத்தும்போது தங்கை எதிர்வாதம் செய்யாமல் அறையை விட்டு நகர்ந்துவிடட்டும். கால் மணி நேரத்தில் வடிந்துவிடும், பிறகு அவனே அழுவான். அந்த அழுகையும் காயத்தில் சேர்ந்ததுதான்.

என் மனைவி ஒருநாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒரே ஆளுக்கு இரண்டு தடவை வாழ்க்கைப்பட்டேன்." நான் கேட்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. முதலில் சுருக்கென்றிருந்தது. யோசித்தால் அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. செத்தவருக்காக அழ ஊர் கூடும். உயிரோடு மாறிப்போனவருக்காக அழ அவளுக்கு ஒரு திண்ணைகூட இல்லை. தங்கைக்கு அந்தத் திண்ணையாக நீ இருக்க வேண்டும்.

மூக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய், சோற்றில் ருசியே இல்லை என்று தம்பி சொல்வதால். மணம் அறியும் நரம்பிழைகள் சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியே மேலே போகின்றன. மூளை குலுங்கும்போது அவை அறுந்துபோகலாம். எனக்கு அறுந்துவிட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாவில் தங்கின, மற்றதெல்லாம் போயிற்று. நெல் அவிக்கும் மணம் இல்லை, முதல் தண்ணீர் பாய்ந்த வயலின் மணம் இல்லை, காப்பி வெறும் கசப்பான வெந்நீர். பிறர் இதைச் சிறிய குறை என்கிறார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டுகிறேன், ஆனால் இழந்தவற்றில் நான் மிகவும் ஏங்குவது இதற்குத்தான். சிலருக்குச் சில மாதங்களில் திரும்புவதுண்டு. அதுவரை தம்பியைத் தனியாக எரிவாயு அடுப்பின் பக்கம் விட வேண்டாம். சிலிண்டர் கசிந்தால் அவனுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் கசிவைக் காட்டிக் கத்தும் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறோம்.

வலிப்பு பற்றி ஒரு வார்த்தை. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தால் மாதங்கள் கழித்தும் வரலாம். கையில் இரும்புச் சாவி திணிக்கும் வழக்கத்தை நம் பக்கம் இன்னும் விடவில்லை. சாவியும் வேண்டாம், பல்லிடுக்கில் கரண்டியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். மாத்திரையை நன்றாக இருக்கிறான் என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. மது வாசலுக்கே வரக் கூடாது.

இனி தங்கையின் கேள்வி. முதல் ஆறு மாதத்தில் தேறும் வேகம் அதிகம். பிறகு மெதுவாகும், ஆனால் நிற்பதில்லை. மூன்றாம் ஆண்டில்தான் நான் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பத்தி எண்களைக் கூட்டி முடித்தேன். பயிற்சி தரும் இடம் தேடித் தஞ்சாவூர் வரை போய்வரும் களைப்பே பயிற்சியைத் தின்றுவிட்டதால், வீட்டிலேயே உளுந்தையும் பயறையும் கலந்து கொட்டிப் பிரிக்க வைத்தார்கள். என்னைக் கீழே தள்ளிய உளுந்தே விரலைத் தேற்றியது. உறவினர் வற்புறுத்தலில், மனநோய் தீர வேண்டி மக்கள் போகும் குணசீலம் கோயிலுக்கும் போனோம். ஒரு மண்டலம் தங்கி வழிபடுவது அங்கே வழக்கம்; எங்களால் சில நாளே முடிந்தது. மனநோய்க்கும் என் காயத்துக்கும் வேறுபாடு உண்டு என்று முணுமுணுத்தபடிதான் போனேன், ஆனால் அதே நேரத்தில் அதே காரியம் என்ற அந்த ஒழுங்கு எனக்கு உதவியது. திரும்பி வந்து நோட்டுப் புத்தகத்தில் என் நாளை அப்படியே கட்டங்களாக வகுத்தேன்.

மகள் எனக்கு ஒரு கதை படித்துக் காட்டினாள். 1848-இல் அமெரிக்காவில் பினியாஸ் கேஜ் என்ற இருப்புப்பாதைத் தொழிலாளியின் மண்டையை ஓர் இரும்புக் கம்பி துளைத்து வெளியேறியது. பிழைத்தான், குணம் மாறினான் என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதே மனிதன் பின்னர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தான் என்ற பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். தினமும் ஒரே வழி, ஒரே வேலை. தங்கையிடம் "பழையபடி" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடச் சொல்; தம்பி அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் தன்னைத் தேர்வில் தோற்றவனாகவே காண்பான். பதிலாக, போன மாதம் முடியாதது இந்த மாதம் என்ன முடிந்தது என்று எழுதி வைக்கச் சொல்.

தம்பிக்கு என்று தேதி அச்சிட்ட நோட்டு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். தை அறுவடைக்குப் பிறகு அவனை அழைத்துக்கொண்டு வா. காலை வண்டியில் வா, கூட்டமாக வராதே.

வாய்க்காலில் நேற்றிரவு தண்ணீர் வந்துவிட்டது. விதைப்புக்கு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள், நிறுத்துகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்.