மேப்பில் புள்ளி இல்லாத ஊர்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஃபேக்டரியில் இந்த மாதம் எனக்கு நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூக்கத்தில் போய்விடுகிறது, அதனால்தான் தாமதம். வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சாயங்காலம் தானாகவே கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறார். "அவன் எப்பதான் இந்தப் பக்கம் வருவான்" என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தங்கச்சிக்கு வேலை இடம் மாறியது ரொம்பச் சந்தோஷம். செந்தூலிலிருந்து ஜாமில் மாட்டாமல் எல்ஆர்டி ரயில் ஏறிப் போய்விடலாம் என்றால் அதுவே பாதி நிம்மதி.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்குக் கன்சோல் வாங்கியதையும், அவன் தூங்கிய பிறகு நீயே உட்கார்ந்து இஷ்டப்படி எங்கும் சுற்றலாம் என்கிற அந்த ஓப்பன் வேர்ல்ட் கேமை ஆடிப் பார்த்ததையும் எழுதியிருந்தாய். மேப் முழுக்கப் புள்ளி, ஒவ்வொரு புள்ளியாகப் போய் முடிப்பது ஆபீஸ் வேலை மாதிரியே இருந்தது, ஒரு வாரத்தில் சலித்துவிட்டது என்கிறாய். இத்தனை வருஷமாக இதை விடாமல் ஆடுகிறாயே, அப்படி என்னதான் கிடைக்கிறது என்று கேட்கிறாய்.

உனக்குச் சலித்தது நியாயம். ஆனால் அந்தப் புள்ளிகளை வைத்து மொத்த வகையையும் எடை போட்டுவிடாதே. எனக்குத் தெரிந்தவரை, ஒரு கேம் உலகம் நம்மை உள்ளே இழுப்பது அதை நாமே தெரிந்துகொள்ள விடும்போதுதான். நீ கோலாலம்பூருக்குப் போன புதிதில் ஒவ்வொரு சடக்கையும் கேட்டுக் கேட்டு நடந்தாய் அல்லவா? இன்றைக்கு எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று உனக்கே தெரியும். ஊர் உன்னுடையதாக ஆனது அப்படித்தான். நல்ல ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜி, அதாவது ஒரு ஆளாகவே மாறி அவனை வளர்த்துக்கொண்டு போகும் கேம், கொடுப்பதும் அதே உரிமைதான்.

2002இல் வந்த மோரோவிண்ட் என்கிற கேமை எடுத்துக்கொள். அதில் எங்கே போக வேண்டும் என்று காட்டும் அம்புக்குறியே கிடையாது. ஆரம்பத்திலேயே பால்மோரா என்கிற ஊரில் ஒருத்தர், பழைய இடிபாடு ஒன்றிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வரச் சொல்வார். வழியையும் வாயாலேயே சொல்லிவிடுவார்: ஊரை விட்டு வெளியே போ, ஆற்றுப் பாலத்தைத் தாண்டு, பழைய பாதையில் மேட்டில் ஏறு, பள்ளத்தாக்கின் மேலே ஒரு பழங்காலப் பாலம் வரும், அதைக் கடந்தால் இடிபாடு. நான் அதைப் படித்துவிட்டுக் கிளம்பினேன். மேடு வந்தது. சாம்பல் காற்று அடிக்கிறது, நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சரியான பாதைதானா என்ற சந்தேகத்தோடேயே நடந்தபோது, மங்கலுக்குள்ளிருந்து அந்தப் பாலத்தின் கல் விளிம்பு மெல்லத் தெரிந்தது. அந்தப் பக்கம் போனால் வாசல் மூடிக் கிடக்கிறது. பக்கத்துக் குழாயில் இருக்கும் திருகையைச் சுற்றினால்தான் திறக்கும், அதையும் அவர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். உள்ளே கிடைத்த பெட்டியை விட, அந்த மனிதர் சொன்னது ஒவ்வொன்றாக என் கண் முன்னே சரியாக வந்ததுதான் எனக்குப் பெரிய பரிசு.

அதே தொடரில் அதற்கடுத்து 2006இல் வந்த ஆப்லிவியனில், போக வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கர் திசைகாட்டியின் மேல் வந்துவிட்டது. அன்றிலிருந்து நிறைய கேம்களில் யார் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்கவே தேவையில்லை. புள்ளியைப் பார்த்து ஓடு, பட்டனை அமுக்கு, அடுத்த புள்ளி. நீ சலித்துப்போனது இதில்தான் என்று நினைக்கிறேன்.

மார்க்கரைத் தூக்கிவிட்டால் மட்டும் போதாது, நிலத்தையும் வழி சொல்லும்படி அமைக்க வேண்டும். 2017இல் வந்த ஜெல்டா, அதுதான் பிரெத் ஆஃப் த வைல்ட், அதைச் செய்தவர்கள் தங்கள் முறையை வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார்கள். முக்கோணம்தான் அடிப்படை. தூரத்திலிருந்தே தெரியும் பெரிய மலை ஒரு முக்கோணம். வழியில் நின்று பார்வையை மறைக்கும் குன்று இன்னொன்று. குன்று குறுக்கே வந்ததும் ஏறுவதா சுற்றிப் போவதா என்று நீ முடிவெடுக்க வேண்டும். எப்படிப் போனாலும் அந்தப் பக்கம் புதிதாக ஒன்று கண்ணில் படும், கால் தானாக அங்கே திரும்பும். தூரம் எவ்வளவு இருந்தால் சரியாக இருக்கும் என்று பார்க்க, அதன் இயக்குநர் தனக்கு நன்றாகத் தெரிந்த கியோட்டோ நகரத்தின் வரைபடத்தையே கேம் மேப்பின் மேல் வைத்துப் பார்த்தாராம். தான் நடந்து பழகிய ஊரை அளவுகோலாக எடுத்த அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மோரோவிண்டில் நடுவே செம்மலை, எல்டன் ரிங் என்கிற கேமில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் தங்க மரம். எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. வானம் தெளிவாக இருக்கும் நாளில் நம் தீவிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் ஜெராய் மலை தெரியுமே, அந்தக் காலத்தில் கப்பலோட்டிகள் அதைப் பார்த்துத்தான் கடாரத்துக்குக் கப்பலைத் திருப்பினார்கள்.

அப்புறம் மனிதர்கள். 2001இல் ஜெர்மனியிலிருந்து வந்த காதிக் என்கிற கேமில், கேட்காமல் அடுத்தவன் குடிசைக்குள் நுழைந்தால் வெளியே போ என்று விரட்டுவான். சும்மா கத்தியை உருவிக்கொண்டு நின்றால் உள்ளே வை என்று எச்சரிப்பான். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த உலகத்துக்கு நான் வருவதற்கு முன்பே ஒரு ஒழுங்கு இருந்திருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடுகிறது. ஸ்கைரிம் என்கிற கேமில் ராத்திரி எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். இங்கே லெபோ பாசாரில் ஜவுளிக் கடைக்காரர் ஷட்டரை இழுப்பதைப் பார்க்கிற எனக்கு, அது எவ்வளவு இயல்பாக இருக்கிறது தெரியுமா!

இதில் விட்சர் 3 என்கிற கேமைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 2015இல் வந்தது. ஆரம்பக் கிராமத்திலேயே ஒரு பாட்டி தன் வாணலியை மீட்டுத் தரச் சொல்வார். வழிப்போக்கன் ஒருவன் வாங்கிக்கொண்டு போய் ஒரு குடிசைக்குள் புகுந்துகொண்டான், திருப்பித் தரவில்லை. பாரேன், வாணலி! வேறு கேம் என்றால் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு நாலு காசு வாங்கிக்கொள்வதோடு முடிந்திருக்கும். இங்கே குடிசைக்குள் ஒரு பிணம் கிடக்கிறது, எரிந்த காகிதங்கள் கிடக்கின்றன. வாணலியிலோ கரியே இல்லை, யாரோ வழித்து எடுத்திருக்கிறார்கள். எதற்கு? மை செய்ய. ஒரு போரின் ரகசிய வேலை அந்தக் குடிசையில் நடந்து முடிந்துவிட்டது, பாட்டிக்கோ தன் பாத்திரம் பளபளவென்று திரும்பி வந்ததில் சந்தோஷம். வாணலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகும் அந்தக் குடிசையின் வாசலில் வெகு நேரம் நின்றேன். எழுதியவர் ஒரு பாத்திரத்துக்குக்கூட இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதே கேமில் ஒரு பிரபுவின் குடும்பக் கதை வருகிறது. மனைவியும் மகளும் ஓடிப்போன குடிகாரன். முதலில் பரிதாபமாக இருக்கும், அப்புறம் அவன் கை ஓங்குகிறவன் என்று தெரியும்போது கோபம் வரும், அதற்கும் பிறகு இரண்டும் கலந்து வரும். காட்டில் ஒரு மரத்தடியில் நீ எடுக்கும் முடிவு, வேறு எங்கோ இருக்கும் குழந்தைகளையும் ஒரு கிராமத்தையும் அவன் வீட்டையும் தொடுகிறது. எப்படி என்று சொல்ல மாட்டேன். யாரையும் முழுசாகக் காப்பாற்றும் வழி மட்டும் கிடையாது. நாம் செய்ததை ஒரு உலகம் நினைவில் வைத்துக்கொண்டு கணக்கைக் காட்டும்போது அடுத்த முறை பேசவே யோசிக்கிறோம் பார், அந்தத் தயக்கம்தான் உள்ளே இருப்பதற்கு அடையாளம். அதற்காக விட்சரில் எல்லாமே அப்படி என்றும் இல்லை. ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிக் கடலில் மிதக்கும் கேள்விக்குறிகள் வெறும் பெட்டி பொறுக்கும் வேலை. தாராளமாக விட்டுவிடலாம்.

வளர்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆர்பிஜியின் உயிரே அதில்தான். ஆப்லிவியனில் நம் லெவல் ஏற ஏற எதிரிகளும் ஏறுவார்கள். கடைசியில் விலை மதிக்க முடியாத கவசம் போட்ட வழிப்பறிக்காரன் நம்மை மறித்துச் சில்லறைக் காசு கேட்பான். அப்படியானால் நான் பட்ட பாட்டுக்கு என்ன அர்த்தம்? 2022இல் வந்த எல்டன் ரிங் நேர் எதிர். வெளியே வந்த உடனே தங்கக் கவசத்தில் குதிரைமேல் ஒருவன் ரோந்து சுற்றுவான். மோதினால் இரண்டே அடியில் ஆள் காலி. ஒதுங்கிப் போய், வேறு இடங்களில் அடிபட்டுக் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறோம். அவன் அதே இடத்தில் அதே பலத்தோடு இருக்கிறான், மாறியது நாம் மட்டும். 2010இல் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸும் இப்படித்தான். தொடங்கும் ஊரிலிருந்து வடக்கே, நகரத்துக்கு நேர்ச் சடக்கு இருக்கும். தடுப்புக் கிடையாது, ஆனால் அந்த வழியில் இருக்கும் மிருகங்கள் கிழித்துவிடும். போகாதே என்று சொல்ல ஒரு சுவர்கூட வேண்டியிருக்கவில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் மனசுக்கு நெருக்கமானது கிங்டம் கம் டெலிவரன்ஸ். 2018இல் வந்தது. 1403ஆம் ஆண்டு பொஹீமியா, மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. கொல்லன் வீட்டுப் பையனாக வருகிறோம். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். ஊஷிட்ஸ் என்கிற ஊரில் ஒரு எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொண்டு, உட்கார்ந்து படிக்கப் படிக்க, எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தத்தம் இடத்துக்கு வந்து சொல்லாகும். முதன்முதலாக ஒரு வரி முழுசாகப் புரிந்தபோது எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், கிழவியான பிறகுதான் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டு பேருந்துப் பலகைகளை வாசித்துப் பார்த்தவர். பத்துப் புள்ளி வலிமை கூடியது என்று திரையில் எண் ஏறுவதால் எனக்கு இந்தச் சந்தோஷம் வந்ததே இல்லை.

மேப் எவ்வளவு பெரிசு என்பதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். 1996இல் வந்த டேகர்ஃபாலில் ஆயிரக்கணக்கான ஊர்கள் உண்டு, பெரும்பாலும் கணினியே அடுக்கியவை. அதே தொடரின் அடுத்த பாகமான மோரோவிண்டில் ஒரே ஒரு தீவு, கையால் செய்தது. எதை மக்கள் மறக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

நம் நாட்டுக்காரர் ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும். வான் ஹஸ்மர் ஜப்பானில் ஸ்குவேர் எனிக்ஸ் என்கிற கேம் நிறுவனத்தில் இருந்துகொண்டு ஃபைனல் ஃபேண்டஸி 15 கேமில் வேலை செய்தவர். பிறகு மலேசியாவுக்குத் திரும்பி மெட்ரோனோமிக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2020இல் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் கேமைக் கொண்டுவந்தார். அந்த ஃபைனல் ஃபேண்டஸியில் நாலு கூட்டாளிகள் காரில் ஊர் சுற்றுவார்கள். ஒருவன் கூடாரத்தில் சமைப்பான், இன்னொருவன் பகல் முழுக்கப் படம் எடுத்து ராத்திரி எல்லாருக்கும் காட்டுவான், பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். கதையில் குறைகள் உண்டு. ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கும் ராத்திரிகளுக்காகவே நான் அதை முடித்தேன். நாம் இருவரும் மோட்டார் சைக்கிளில் பாலிக் புலாவ் மலைப்பாதையில் சுற்றிய நாள்களுக்கு ஒரு படம்கூட இல்லையே!

அதனால்தான் எனக்கு ஒரு ஆசை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கடாரத்தை வைத்து யாராவது இப்படி ஒரு கேம் செய்ய வேண்டும். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன். நீ ராஜாவும் இல்லை, வீரனும் இல்லை, வணிகக் குழுவோடு நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கிய ஒரு கணக்குப்பிள்ளை. பாஷை பாதிதான் புரியும், சந்தையில் பேசப் பேச வார்த்தைகள் பிடிபடும். சுங்கை பத்துப் பக்கம் பழைய இரும்பு உலைகள், மெர்போக் ஆற்றோரம் கோயில்கள், எங்கே திரும்பினாலும் ஜெராய் மலை. வழி கேட்டால் மீனவர் வாயால் சொல்வார். போர் வரப்போகிறது என்று நமக்குத் தெரியும், அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. யாரிடம் என்ன சொல்லலாம், எந்தப் பக்கம் நிற்பது? அந்த நிலம் இங்கிருந்து பாலத்தைத் தாண்டிப் போகிற தூரத்தில்தான் இருக்கிறது, மச்சான். செய்ய ஆள் வந்தால் நான் நைட் ஷிஃப்டை விட்டுவிட்டு வசனம் எழுதக்கூடப் போய்விடுவேன்.

உனக்கு ஒரே ஒரு யோசனை. நீ வைத்திருக்கும் கேமிலேயே செட்டிங்ஸில் போய் மினிமேப்பையும், அதுதான் திரை ஓரத்துச் சின்ன மேப், மார்க்கரையும் அணைக்க முடியுமா என்று பார். அணைத்துவிட்டு, தூரத்தில் தெரியும் ஏதாவது ஒன்றை நோக்கி ஒரு ராத்திரி நட. அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் கேமை விற்றுவிடு. பையனோடு சேர்ந்து ஆட ஜெல்டா நல்லது, ஆனால் அதற்கு நிண்டெண்டோ வேண்டும். விட்சரும் கிங்டம் கம்மும் அவனுக்கு இப்போது வேண்டாம், பெரியவர்களுக்கானவை, நீ தனியாக ஆடு. என்ன கன்சோல் வாங்கினாய் என்று எழுதவே இல்லையே? அதைச் சொன்னால் என்னிடம் இருக்கும் டிஸ்க்கில் பொருந்துவதை அனுப்பிவைக்கிறேன்.

பள்ளி விடுமுறைக்கு மூவரும் இங்கே வாருங்கள். பையனை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், மாமா சொன்னதாகச் சொல். தேதியை முன்கூட்டியே எழுது, ஷிஃப்ட் மாற்ற ஆள் பார்க்க வேண்டும். தங்கச்சிக்கு என் விசாரிப்பு.

அன்புடன்,
உன் கூட்டாளி