ரெஸ்டிட்யூட்டா அம்மாவின் பாட்டையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தவக்காலச் சிறப்பிதழில் மறைசாட்சிகள் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அதில் அருள்சகோதரி மரிய ரெஸ்டிட்யூட்டாவின் பெயர் இருந்ததுதான் காரணம். முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். எங்கள் தொழில்காரி ஒருவர் பீடத்தில் ஏறியிருக்கிறார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. ஆனால் 'சிலுவையைக் கழற்ற மறுத்ததால் கொல்லப்பட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதிக் கதை.

ஹெலேனா காஃப்கா என்பது அவருடைய பழைய பெயர். செருப்புத் தொழிலாளியின் மகள், வியன்னாவில் வளர்ந்தவர். 1919இல் வியன்னாவுக்கு அருகே உள்ள மோட்லிங் ஊர் மருத்துவமனைக்கு வந்து, அறுவை அரங்கின் தலைமைச் செவிலி ஆனார். கறாரான பேச்சு. வேலை முடிந்தால் ஒரு தட்டு குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பு, ஒரு கோப்பை பியர். இதைச் சொல்ல நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? அவர் அப்படித்தான் இருந்தார்.

நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு, புதிய அறுவை சிகிச்சைப் பிரிவின் ஒவ்வோர் அறையிலும் அவர் பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு அறையப்பட்ட சிலுவையை, மாட்டினார். ஸ்டிரெச்சரில் மல்லாந்து வரும் நோயாளிக்குக் கூரையும் சுவரும்தான் தெரியும். மயக்க மருந்து ஏறும்வரை கண்கள் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். கை நம் விரலைப் பிடித்துக்கொண்டு விடாது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரில் சிலுவை எதற்கு என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவருக்கு மரண தண்டனை வாங்கித் தந்தது ஒரு பாட்டு. ஆஸ்திரியாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மறக்காதீர்கள் என்று படைவீரர்களை அழைக்கும், ஹிட்லர் ஆட்சிக்கு எதிரான பாட்டு. மருத்துவமனையில் அதை அவர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் எழுதி எடுத்தார். கூட வேலை பார்த்த மருத்துவர் ஒருவரே காட்டிக்கொடுத்தார். 1942 பிப்ரவரி 18, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று கைது. அக்டோபர் 29இல் தீர்ப்பு: எதிரிக்கு உதவி, தேசத் துரோகத்துக்கு ஆயத்தம். கருணை மனு ஹிட்லரின் வலக்கையான போர்மன்வரை போனது. மற்றவர்களுக்குப் பயம் வர வேண்டும் என்று சொல்லி அவர் அதைத் தள்ளினார். 1943 மார்ச் 30, அடுத்த தவக்காலம் வந்திருந்தபோது, வியன்னாவில் கில்லட்டினில் தலையை வெட்டினார்கள். வயது 48. உடலைக்கூட அவருடைய துறவற சபையாரிடம் கொடுக்கவில்லை.

1998இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வியன்னாவிலேயே அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தார்.

சிலுவையை மட்டும் சொல்லிப் பாட்டை விட்டுவிட்டால், போரை எதிர்த்து வாய் திறந்த அந்தப் பெண் காணாமல் போய்விடுகிறார். அடுத்த இதழில் நாலு வரியாவது சேர்த்துப் போடுங்கள். அவர் ஒரு நர்ஸ் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திண்டுக்கல்