ஏழு குடும்பம், பாதிக் கிணறு: ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், தூரத்தில் இருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொது வீட்டில் பால் காய்ச்சினோம். வந்தவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டோம். நன்றி சொல்ல எழுந்து நின்றபோது எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறோம்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. செங்கத்துக்கு வடக்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில், 6 ஏக்கர் 30 சென்ட் புன்செய் நிலத்தை 2019இல் ஏழு குடும்பம் சேர்ந்து வாங்கினோம். உள்ளே வரப்பு கட்டிப் பங்கு பிரிக்காமல், சேர்ந்து விதைத்து, சேர்ந்து சாப்பிட்டு வாழ வேண்டும் என்பது எண்ணம். அந்த எண்ணத்தைத் தவிர அன்றைக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

முதல் நன்றி பத்திர எழுத்தர் அய்யாவுக்கு. இதற்கு முன்னால் வேறு ஓர் இடத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். அந்தக் காகிதங்களை ஒரு சாயங்காலம் முழுக்கப் புரட்டிவிட்டு, அது கோயில் நிலம் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். அந்த இடத்தைக் காட்டிய தரகர் அதோடு போனை எடுக்கவில்லை, முன்பணமும் வரவில்லை. ஆனால் ஏழு குடும்பத்தின் சேமிப்பு தப்பியது. இந்த நிலத்துக்கு அவர் 30 வருட வில்லங்கச் சான்றும் தாய்ப் பத்திரமும் கையில் வந்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். விற்றவர்கள் கூடப்பிறந்த ஐந்து பேர். மூத்த அக்கா முழங்கால் வலியோடு திருவள்ளூரில் இருந்து பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று அப்போது 11 சதவீதம். அதில் எங்களுக்குக் குறைந்த தொகையையும் அந்த அக்காதான் அன்றைக்குக் கடனாகக் கொடுத்தார். விற்கிறவர் வாங்குகிறவருக்குக் கடன் கொடுத்ததை நாங்கள் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தது வக்கீல் அம்மா. கூட்டுப் பட்டாவில் ஏழு பேர் பெயர் இருந்தால் எந்த ஒருவரும் எப்போது வேண்டுமானாலும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம் என்று முதல் நாளே பயமுறுத்தினார். "இப்ப நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கீங்க, இப்பவே எழுதிடுங்க" என்றார். விலகுகிறவர் பங்கை முதலில் மற்றவர்களுக்குத்தான் தர வேண்டும், என்ன விலைக்கு, எத்தனை தவணையில் என்றெல்லாம் எழுதவைத்தார். 2021இல் ஒரு குடும்பம், மகள் படிப்புக்காக விலகியது. அந்தத் தாள் இல்லாவிட்டால் நட்பும் போயிருக்கும். அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வந்து பந்தியில் பரிமாறியது. அவர்களுக்கும் எங்கள் நன்றி. அவர்கள் நட்ட நாவல் மரம் இன்று வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கிறது.

இனி கிணறு. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

பத்திரத்தில் "கிணற்றில் சரிபாதி" என்று இருந்ததை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. மறு பாதி வடக்குத் தோட்டத்து அய்யாவுடையது. சேர்ந்து வாழ்வதைப் பற்றி எங்களுக்குள் நாள் கணக்காகப் பேசியிருந்தோம். வந்து சேர்ந்த அன்றே இன்னொரு பங்காளி இருக்கிறார் என்று தெரிந்ததும் திகைத்துவிட்டோம். 600 அடி போர் போட்டுக்கொண்டால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். அய்யா சண்டைக்கு வரவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, "பக்கத்துல போர் இறக்கினா கிணறு செத்துடும் சாமி. தூர் வாரிப் பாருங்க. அப்புறமும் தண்ணி வரலன்னா நானே வண்டிக்குச் சொல்றேன்" என்றார்.

2020 ஆடியில் தூர் வாரினோம். கிரேன் வைத்து ஒன்பது நாள். 52 அடிக் கிணற்றில் 14 அடி சேறு. ஆறாம் நாள் கூடையோடு தண்ணீர் இறைக்கும் ஓர் இரும்புச் சால் மேலே வந்தது. அடியில் தைத்திருந்த தோல் மட்கிப் போயிருந்தது, வளையம் மட்டும் அப்படியே இருந்தது. அய்யா அதை வாங்கித் தொட்டியில் வைத்து, தேங்காய் நாரால் நிதானமாகத் தேய்த்தார். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் அவருடைய அப்பாவும் எங்களுக்கு விற்றவர்களின் தாத்தாவும் ஆளுக்கு ஒரு மாடு கொடுத்து ஒரே ஜோடியாகப் பூட்டுவார்களாம். திங்கள், புதன், வெள்ளி தெற்குத் தோட்டத்துக்கு. செவ்வாய், வியாழன், சனி வடக்குத் தோட்டத்துக்கு. ஞாயிறு கிணறு ஊறட்டும் என்று விட்டுவிடுவார்கள். மாடு போய் மோட்டார் வந்த பிறகும் அந்த முறை மாறவில்லை. நாங்கள் போர் போடவில்லை. முறைத் தண்ணீரில் சேர்ந்துகொண்டோம்.

2024 சித்திரை வெயிலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நட்டு ஒரு வருடமே ஆன 400 கன்றுகளும் இலை சுருண்டு நின்றன. கிணற்றில் முக்கால் மணி நேரத்துக்குத்தான் தண்ணீர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. மடை தவறிவிட்டது என்று நினைத்து ஓடினோம். அய்யாதான் திருப்பிவிட்டிருந்தார். "கத்திரி போனா அடுத்த பட்டத்துல போட்டுக்கலாம். மரம் போனா அஞ்சு வருஷம் போகும்" என்றார். மூன்று வாரம் அவருடைய முறையையும் எங்களுக்கே விட்டார். 30 சென்ட் கத்திரி காய்ந்துபோனது. அதற்கு ஈடாகப் பணம் கொண்டுபோய் நீட்டினோம், அவர் வாங்கவில்லை. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது அய்யா.

மண்ணுக்காக நன்றி சொல்ல வேண்டியது கடவூர் பக்கத்தில் உள்ள வானகம் பண்ணைக்கு. இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30இல் மறைந்துவிட்டார், நாங்கள் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் உருவாக்கிய அந்த இடத்தில் பயிற்சிக்குப் போய்வந்துதான் பலதானியம் விதைக்கக் கற்றோம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, நறுமணப் பயிர், தழை உரப் பயிர் என்று இருபது வகையைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. மூன்று முறை செய்தோம். முதல் வருடம் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கினால் செடி கையோடும் காய் மண்ணுக்குள்ளும் நின்றது. இப்போது கொத்தாக வருகிறது. பிடுங்க வந்த அக்காக்கள்தான் முதலில் அதைக் கவனித்துச் சொன்னார்கள்.

சமையலறை விஷயத்தில் கோட்டைத் தெரு ஆயாவுக்குப் பெரிய கும்பிடு. காந்தி 1910இல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது அங்கே நிறையத் தமிழர்கள் இருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே சமையல், மாமிசம் கிடையாது என்று முடிவாயிற்று. அதைப் படித்த உற்சாகத்தில் நாங்களும் மூன்று வேளையும் ஒரே அடுப்பு என்று ஆரம்பித்தோம். நான்கு மாதத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத நிலை வந்துவிட்டது. உப்பு, காரம், கறி, யார் பாத்திரம் கழுவுவது, எல்லாம் சண்டை. மோர் கொடுக்க வந்த ஆயா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஒரே வூட்டு மருமவளுங்களே ஒரு அடுப்புல நிக்க மாட்டாளுங்க. ராச்சோறு மட்டும் ஒண்ணா துன்னுங்க, போதும்" என்றார். அன்று முதல் அப்படித்தான். காலையும் மதியமும் அவரவர் வீடு, இரவு பொதுச் சாப்பாடு. கறி சமைப்பவர்களுக்கு வேப்ப மரத்தடியில் தனி அடுப்பு. காந்தி பண்ணையில் செல்லுபடியானது எங்களுக்கு ஆகவில்லை. ஆயா சொன்னது ஐந்து வருடமாக நடக்கிறது.

மேஸ்திரிக்கும் அவர் ஆட்களுக்கும்: ஆரோவில்லில் பார்த்துவந்த அழுத்திய மண் கல்லில் சிமெண்ட் 5 சதவீதம்தான் என்று சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. ஆனாலும் ஒரு கல்லை மூன்று நாள் தண்ணீரில் போட்டு நீங்களே சோதித்துப் பார்த்து, பிறகு சுவர் எழுப்பினீர்கள். கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் பண்ணைக் குட்டை ஆகிவிட்டது. இந்தக் கார்த்திகையில் முதல் தடவையாக நிரம்பி வழிந்தது.

டிராக்டர் அண்ணன், எங்கள் பிள்ளைகளை நடு வருடத்தில் சேர்த்துக்கொண்ட பள்ளித் தலைமை ஆசிரியை, கம்பு விதை கொடுத்துவிட்டு அறுப்பில் இரட்டிப்பாக வாங்கிக்கொண்ட மலையூர்க்காரர்கள், எல்லாருக்கும் நன்றி. பெயர் எழுத வேண்டாம் என்று பலர் சொன்னதால் யார் பெயரையும் எழுதவில்லை.

பொது வீட்டுத் திண்ணைச் சுவரில் கிணற்றில் கிடைத்த அந்த இரும்புச் சாலை மாட்டியிருக்கிறோம். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. யாரும் சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை.

வடக்குத் தோட்டத்து அய்யாவுக்கு ஒரு வார்த்தை. நாளை செவ்வாய், உங்கள் முறை. மோட்டார் அறைச் சாவி வழக்கமான ஆணியில் இருக்கிறது.