கடல்பாசிக்கு ஏற்ற பேய்

எடிசன், நியூ ஜெர்சி
2 நவம்பர் 2025

அன்புள்ள தேன்மொழி,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனசு லேசானது. உன் மூத்தவள் கல்லூரியில் தாவரவியல் எடுத்திருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். நம் பழைய ரெக்கார்டு நோட்டுகள் பரணில் இருந்தால் எடுத்துக் கொடு. பாசிகள் பாடத்துக்கு நீ வரைந்த படங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு ஆபீஸில் நெருக்கடி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரியவள் உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். சின்னவன் ஒன்றாம் வகுப்பு போகிறான், வாய் ஓய்வதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "தட்டு நிறைய கண் முழியாக வைத்துப் படம் அனுப்பியிருக்கிறாயே, அதையா பிள்ளைகள் தின்றார்கள்?" என்று கேட்டிருந்தாய். அது போன வருஷம் ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகைக்குக் கடல்பாசியில் செய்த பண்டத்தின் படம். இந்த வருஷமும் செய்தேன். இந்த வருஷமும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தப் பண்டிகை நாளான அக்டோபர் 31 சாயங்காலம் பிள்ளைகள் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது உனக்குத் தெரியும். 2024இல் தீபாவளியும் அதே நாளில் வந்தது. எங்கள் வாசலில் அகல் விளக்கும் முகம் செதுக்கிய பரங்கிக்காய் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாயைத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் செய்ததைக் கொடுத்தால் பெற்றோர் வாங்க மாட்டார்கள், அதுவும் நியாயம்தான். அதனால் கையால் செய்யும் பண்டமெல்லாம் ஊர் சுற்றி முடித்தபின், தெரிந்தவர் வீட்டில் கூடிச் சாப்பிடுவதற்கு. எங்கள் தெருவில் அந்தக் கூட்டம் நம் வீட்டுப் பின்கட்டில் நடக்கிறது.

இந்த நாட்டில் பேய்ப் பண்டம் என்றால் முதலில் ஜெல்லிதான். ஆடும், வழுக்கும், வெளிச்சத்தைப் பிடிக்கும், எந்த அச்சில் ஊற்றினாலும் அந்த உருவம் எடுக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி இதில் கை தேர்ந்தவர். அவர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பக்கம், லிராய் என்ற சிற்றூருக்கு அருகே. ஜெல்-ஓ என்ற ஜெல்லிப் பொடி பிறந்த ஊர் அது. 1897இல் பெர்ல் வெயிட் என்ற தச்சர், இருமல் மருந்தும் தயாரித்து விற்றவர், ஜெலட்டின் தூளோடு சர்க்கரையும் பழச் சுவையும் கலந்தார். அவர் மனைவி மே அதற்குப் பெயர் வைத்தார். விற்கத் தெரியாமல் 1899இல் 450 டாலருக்கு உரிமையைக் கைமாற்றிவிட்டார்கள். அப்புறம் அது நாடு முழுக்க வீட்டுக்கு வீடு போன கதை எல்லோருக்கும் தெரியும். லிராயில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பாட்டி அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு பெருமை.

பாட்டி செய்வது புழு. வளையும் கழுத்துள்ள ஸ்ட்ராக்களின் மடிப்புப் பகுதியை இழுத்து நீட்டி, காலியான பால் அட்டைப்பெட்டியில் நெருக்கமாக நிறுத்துவார். சிவப்பு ஜெல்லிப் பொடியோடு சுவையில்லாத ஜெலட்டினும் ஒரு பாக்கெட் சேர்த்துக் கொதிநீரில் கரைத்து, வெதுவெதுப்புக்கு ஆறியதும் க்ரீமும் சில சொட்டுப் பச்சை வண்ணமும் கலப்பார். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மண் நிறம். அதை ஸ்ட்ராக்களில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார். மறுநாள் ஒவ்வொன்றையும் ஒரு கணம் வெந்நீரில் காட்டி, மேலிருந்து விரலால் அழுத்தி இறக்கினால் வழவழவென்று மண்புழு வெளியே வரும். ஸ்ட்ராவின் மடிப்புகள் அதன் உடம்பில் வளையம் வளையமாக அப்படியே பதிந்திருக்கும். உண்மையான புழுவே தோற்றது.

ஆனால் ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. எங்கள் தெருவைப் பார். நம் வீட்டில் சைவம். எதிர்வீட்டுக் குஜராத்திப் பிள்ளைகளும் சைவம். மூலை வீட்டில் ஐதராபாத் முஸ்லிம் குடும்பம். பாட்டியின் தட்டு வந்ததும் பாதிப் பிள்ளைகள் அம்மாக்களின் முகத்தைப் பார்ப்பார்கள். கூட்டத்தில் ஒரு பிள்ளை கை நீட்டத் தயங்கி நிற்பது எனக்குப் பொறுக்காது. எல்லோரும் ஒரே தட்டில் கை வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் கடலில் விளையும் பாசியிலிருந்து எடுக்கும் கடல்பாசித் தூளைக் கையிலெடுத்தேன்.

நீ இருப்பதே கடல்பாசியின் ஊரில். கீழக்கரையில் நோன்பு திறக்கும் நேரத்தில் பால் ஊற்றிச் செய்த கடல்பாசித் துண்டு இல்லாத வீடு உண்டா? பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தானே காய்ந்து, வெந்து, இந்தத் தூளாகின்றன. அப்படிப் பாசி பறிக்கும் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்ததை இங்கே படித்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். எனக்கு ஆசியக் கடையில் கிடைப்பதோ தாய்லாந்துப் பொட்டலம். குடும்பம் ஒன்றுதான், கடல் வேறு.

கடல்பாசியை வைத்து ஜெலட்டின் வேலையைச் செய்ய வைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டின் குணமும் வேறு. ஜெலட்டின் ரப்பராக வளையும், வாய்ச் சூட்டிலேயே உருகும். கடல்பாசி வளையாது, பட்டென்று உடையும். 40 டிகிரிக்குக் கீழே வெளியிலேயே உறைந்துவிடும். உறைந்தபின் மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். அதில் புழு செய்தால் ஸ்ட்ராவை விட்டு வரும்போதே துண்டு துண்டாகும். ஆகவே பேயைத் தேர்ந்தெடுக்கும்போதே கடல்பாசிக்கு ஏற்ற பேயாகப் பார்க்க வேண்டும். கண், மூளை, கல்லறைக் கல். மூன்றும் விறைப்பாக நிற்க வேண்டியவை, கடித்தால் நறுக்கென்று விட வேண்டியவை. இதில் கடல்பாசிக்கு ஜெலட்டின் ஈடாகாது.

கண் செய்யும் விதம் சொல்கிறேன். அரைக்கோளக் குழிகள் உள்ள சிலிக்கான் அச்சு. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு புளூபெர்ரி, அதன் காம்பு முனை மேலே பார்க்க. பச்சையோ நீலமோ கலந்த கடல்பாசி நீரைப் பழம் பாதி மூழ்கும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். நிறைய ஊற்றினால் பழம் மிதந்து கண் மாறுகண் ஆகிவிடும். இது கருவிழி. ஓரிரு நிமிஷத்தில் மேலே ஆடை பிடிக்கும், விரலால் தொட்டால் லேசாக ஒட்டும். அந்தப் பதத்தில் தேங்காய்ப்பால் கலந்த வெள்ளையை ஊற்றிவிட வேண்டும். முழுக்க இறுகவிட்டு ஊற்றினால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல், எடுக்கும்போது கருவிழி தனியே கழன்று வரும். அளவு, 2 கப் திரவத்துக்கு 2 டீஸ்பூன் தூள். பச்சைத் தண்ணீரில் தூளைப் போட்டுக் கலக்கி, கொதி வந்தபின் இரண்டு மூன்று நிமிஷம் விடாமல் கிளறு. தேங்காய்ப்பாலைத் தனியே சூடாக்கி வைத்துக்கொள். சில்லென்று ஊற்றினால் அங்கங்கே கட்டி கட்டும். புளிப்புச் சாறு எதையும் பாசியோடு சேர்த்துக் கொதிக்க விடாதே, அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். அடுப்பை அணைத்தபின் சேர்.

உறைந்ததும் கவிழ்த்தால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல மின்னும் கண் உன்னையே பார்க்கும். பல் குத்தும் குச்சியைப் பீட்ரூட் சாற்றில் நனைத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய நரம்புகள் இழுக்க வேண்டும். இதைக் கடைசி நேரத்தில்தான் செய்ய வேண்டும், முன்கூட்டியே போட்டால் சிவப்பு உள்ளே ஊறிப் பரவிவிடும். இந்த நரம்பு வேலை முழுக்கச் சின்னவனுடையது. தெருவில் நிற்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்தால் என் பின்னால் ஒளிபவன், ஒவ்வொரு கண்ணுக்கும் "இது தூங்காத கண், இது அழுத கண்" என்று சொல்லிச் சொல்லி வரைந்தான். அன்று ராத்திரி எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் தானே போய் நின்றான். பயத்தைக் கையால் செய்து பார்க்க விட்டால் பிள்ளைகளுக்கு அது பழகிவிடுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

மூளைக்கு இங்கே கடைகளில் தனி அச்சே விற்கிறது. தேங்காய்ப்பால் கலவையில் பீட்ரூட் சாறு சில சொட்டு, அதோடு துளி பச்சை. அந்தப் பச்சைதான் ரோஸ் நிறத்தைச் சாம்பலாக மாற்றி உயிர் கொடுக்கிறது. கடல்பாசி கொஞ்ச நேரத்தில் தானாகவே நீர் விடும் அல்லவா, தட்டில் மூளையைச் சுற்றி ஈரம் கசிந்து நிற்கும். அதன்மேல் ராஸ்பெர்ரி சாற்றை வழிய விட்டேன். மூலை வீட்டு அண்ணன் தம்பிகள் கத்தியை யார் பிடிப்பது என்று அடித்துக்கொண்டார்கள்.

மூளை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் ஹாமில்டன் நகரத்து நரம்பியல் மருத்துவர் ஏட்ரியன் அப்டன், 1970களில், உருண்டையாக உறைந்த எலுமிச்சைப் பச்சை ஜெல்லிக்கு மூளை அலை அளக்கும் கருவியின் கம்பிகளைப் பொருத்திப் பார்த்தார். உயிருள்ள மூளையின் அலை மாதிரியே கோடு வந்தது. சுற்றியிருந்த கருவிகளின் மின் இரைச்சலைத்தான் கம்பிகள் பிடித்திருந்தன. ஒருவர் மூளைச் சாவு அடைந்தாரா என்பதை இந்த ஒரு கருவியை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது என்று காட்டவே அவர் அப்படிச் செய்தார். பெரியவளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது, வந்த எல்லோருக்கும் சொன்னாள்.

நான் அவளுக்குச் சொன்னது வேறொரு கதை, நம் ஆய்வகத்துக் கதை. கிருமி வளர்க்கும் பெட்ரி தட்டில் நாம் ஊற்றிய அகர், அதாவது இதே கடல்பாசி, எப்படி அங்கே வந்தது தெரியுமா? கிருமிகளை ஆராய்ந்த ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் சூடு ஏறினால் உருகிவிடும், சில கிருமிகள் அதையே தின்று கரைத்துவிடும். அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, 1881இல், தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த அக்கம்பக்கத்தாரிடமிருந்து அவர் கற்றது அது. காச நோய்க் கிருமியைப் பற்றி 1882இல் காக் எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர் பிறந்தது நியூயார்க்கில், எங்களிடமிருந்து ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். ஒரு சமையலறை அறிவு உலகத்துக்கே ஆய்வுக்கூடமாக மாறியிருக்கிறது, அதற்குரியவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. உன் மகளிடம் கட்டாயம் சொல்.

கல்லறைக் கல் பற்றி நீட்டவில்லை. சதுரத் தட்டில் ஊற்றி வெட்டிக்கொள்வதுதான். அதில் ஒரு தட்டு மட்டும் டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடா சேர்த்துச் செய்தேன். அதிலுள்ள குவினைன் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். சின்கோனா பட்டை என்று படித்தோமே, அதிலிருந்து எடுக்கும் மலேரியா மருந்துதான். கசக்கும், அதனால் அதை அலங்காரத்துக்கு மட்டும் வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. கடல்பாசி வாயில் உருகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கண்ணைக் கொடுக்கக் கூடாது, பழத்தோடு சேர்த்து நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். கொஞ்ஜாக் கிழங்கு மாவில் செய்த குட்டிக் கிண்ண ஜெல்லிகள் தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் இறந்ததால், 2001இல் இங்கே அவற்றுக்கு எதிராக அரசு எச்சரித்தது. அந்தச் செய்தி என் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் சின்னஞ்சிறுசுகளுக்கு என்று தனிக் கிண்ணத்தில் வெட்டி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பாட்டி தன் புழுத் தட்டையும் கொண்டுவந்தார். அப்புறம் என் தட்டிலிருந்து ஒரு கண்ணை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் எனக்கும் இதைச் சொல்லிக்கொடு என்றார். எனக்கு இதைவிட என்ன வேண்டும், சொல்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. தூளுக்குத்தான் எனக்கு அளவு தெரியும். கீழக்கரை வீடுகளில் நீளநீளமாகக் காய்ந்த பாசியை ஊறவைத்துக் காய்ச்சுவார்களே, அதற்கு ஒரு கைப்பிடிக்கு எவ்வளவு பால், எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று உன் பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சர்களிடம் கேட்டு எழுது. பாட்டிக்குக் கற்றுக்கொடுக்கும்போது அந்த முறையில் கற்றுக்கொடுக்க ஆசை.

அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு இந்தச் சித்தியின் முத்தங்கள்.

அன்புடன்,
கயல்